பனியில் மட்டும் அலறிய வண்டி

ஜமுனா கார் ஓட்டக் கற்றுக்கொண்டது முப்பத்தொன்பதாவது வயதில். அதுவரை அவளுக்குத் தெரிந்த வேலை பழவேற்காட்டு ஏரி வேலை ஒன்றுதான். இடுப்பளவுத் தண்ணீரில் குந்தியபடியே நகர்ந்து, சேற்றுக்குள் இரண்டு கையையும் விட்டுத் துழாவி, விரலுக்குள் துள்ளுகிற இறாலைப் பிடித்து, பல்லில் கவ்வியிருக்கும் பனையோலைப் பறிக்கூடைக்குள் போடவேண்டும். பத்து வயதில் ஆரம்பித்தது. கல்யாணமாகிக் கோட்டைக்குப்பத்துக்கு வந்த பிறகும் விடவில்லை.

அவள் கணவன் தங்கவேல் மீன் லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். பழவேற்காட்டில் ஐஸ் பெட்டிகளை ஏற்றினால் சென்னை மார்க்கெட்டில்தான் இறங்குவான். ஆள் வாட்டசாட்டம். ரத்தக்கொதிப்பு இருந்திருக்கிறது, அவனுக்கே தெரியவில்லை. முகம் வீங்கி, சாப்பிட்டதெல்லாம் வாந்தியாகி, ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது இரண்டு சிறுநீரகமும் வேலையை நிறுத்தியிருந்தன. திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் மூன்று நாள் சென்னையில் டயாலிசிஸ் என்று எழுதிக் கொடுத்தார்கள். காலை ஏழு மணி ஷிஃப்ட்.

முதல் சில மாதம் பஸ்ஸிலும் ரயிலிலும் போய் வந்தார்கள். திரும்பி வரும்போது ஒருநாள் பொன்னேரி ஸ்டேஷன் படிக்கட்டில் தங்கவேல் சுருண்டு விழுந்தான். அதன்பிறகுதான் காட்டூரில் ஒரு வாத்தியார் விற்ற பதினேழு வருஷத்துப் பழைய வெள்ளைக் கார் வீட்டுக்கு வந்தது. தானே ஓட்டலாம் என்றுதான் தங்கவேல் வாங்கினான். ஆனால் மெஷினிலிருந்து எழுந்து வந்தால் அவனுக்குக் கண் இருட்டியது, கை நடுங்கியது. ஒரு மாதத்திலேயே சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டான்.

ஏரி வற்றிக் கிடந்த கோடையில், உப்புப் பூத்த வெட்டவெளியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தான்.

"கிளட்ச மெதுவா உடுமே. இன்னாத்துக்கு அவசரம்? எறால் கலையாம சேத்துல கால வெச்சு நவுருவே இல்ல, அப்படி உடு."

அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. லைசென்ஸ் எடுத்தாள். "பொம்பள ஓட்ற வண்டி வருது, ஓரமா நில்லுங்கப்பா" என்று கடைத்தெருவில் சிலர் சிரித்தார்கள். ஒன்றரை வருஷம் ஓட்டினாள். காரில் ஒரு கீறல் இல்லை.

அந்த மார்கழியில் புயல் மழை ஓய்ந்ததும் பனி கொட்டியது. விடிகாலையில் ஏரிப்பக்கம் எதுவும் தெரியாது. வெள்ளையாக ஒரு சுவர் நிற்கும். சாவியைத் திருப்பினால் கார் எஞ்சின் கத்த ஆரம்பித்தது. ஆக்சிலேட்டரில் கால் வைக்கவே வேண்டாம். யாரோ உள்ளே உட்கார்ந்து மிதிப்பதுபோல அது தானாக ரேஸ் ஆகி, அதே உயரத்தில் நின்றுகொண்டே இருந்தது. கியரைப் போட்டுக் கிளட்சை விட்டால் வண்டி பாய்ந்தது. கடைத்தெருவையெல்லாம் பிரேக்கை மிதித்து இழுத்துப் பிடித்தபடியே கடக்கவேண்டும். திருப்பாலைவனம் தாண்டும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் இறங்கும். பொன்னேரி வரும்போது ஒன்றுமே நடக்காததுபோல ஓடும்.

பொன்னேரியில் கண்ணப்பன் என்று ஒரு மெக்கானிக். பேச்சு அதிகம் கிடையாது, வேலை சுத்தம். மூன்று முறை அவனிடம் காட்டினாள். மூன்று முறையும் அவன் பானெட்டைத் திறந்து கேட்டது பூனை தூங்குவதுபோன்ற மெல்லிய சத்தத்தைத்தான்.

"குளிர்ல கொஞ்ச நேரம் ரேஸ் ஏறத்தாம்மா செய்யும். எல்லா வண்டியும் அப்படித்தான். ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம். அப்பால எறங்கிடணும். அரை மணி நேரம் நிக்குதுன்னா ஏதோ கீது. ஆனா என் கண்ணுல பட மாட்டேங்குதே."

எஞ்சினின் சூட்டை அளக்கும் சென்சாரை மாற்றினான். காற்று போகிற வழியைக் கழற்றிக் கரி போகக் கழுவினான். பிளக்குகளை மாற்றினான். ஒரு வியாழக்கிழமை வண்டியை அவன் ஷெட்டிலேயே விட்டுவிட்டுப் பஸ்ஸில் வந்தாள். தகரக் கதவு போட்ட ஷெட். காலையில் அவன் வந்து திறந்தபோது ஒன்பதரை, தகரத்தில் வெயில் ஏறியிருந்தது. சாவியைத் திருப்பினான். அதே பூனை தூங்குகிற சத்தம். அந்த வெள்ளிக்கிழமை தங்கவேலை ஷேர் ஆட்டோவிலும் ரயிலிலும் அழைத்துப் போய் வந்தாள். வந்தவன் இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. இனி வண்டியை ஷெட்டில் விட முடியாது என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

பொங்கலுக்கு முந்தின திங்கட்கிழமை. அன்றைக்குப் பனி ரொம்ப மோசம். பக்கத்து சீட்டில் தங்கவேல் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தான். கடைத்தெருவில் ஷேர் ஆட்டோவுக்காகக் கூடைகளோடு நாலைந்து மீன்காரப் பெண்கள் நின்றிருந்தார்கள். ஜமுனா அவர்களைப் பார்த்தபோது இருபதடி கூட இடைவெளி இல்லை. பிரேக்கை மிதித்தாள். மிதி இறங்கவில்லை. கல்லை மிதிப்பதுபோல இருந்தது. எஞ்சின் அலறிக்கொண்டு வண்டியை முன்னால் தள்ளியது. இரண்டு காலையும் சேர்த்து வைத்து அழுத்தியும் போதவில்லை. ஸ்டியரிங்கை ஒடித்தாள். கார், அடுக்கி வைத்திருந்த தெர்மாகோல் பெட்டிகளுக்குள் புகுந்து நின்றது. விலகி ஓடின தெய்வநாயகி என்கிற மீன்காரி முழங்கால் தேய விழுந்து கிடந்தாள். அவள் கூடையிலிருந்த நண்டுகள் ரோட்டில் கால் பரப்பி ஊர்ந்தன.

கூட்டம் சேர்ந்துவிட்டது. தெய்வநாயகி முழங்காலைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "எனக்கு ரெண்டு பொண்ணு கீதுமே! நான் போயிட்டா நீ வந்து கஞ்சி ஊத்துவியா?"

ஜமுனா அவள் காலைத் தொட்டாள்.

"பிரேக்க மிதிச்சியா, ஆக்சிலேட்டர மிதிச்சியா?" என்று ஒருவன் கேட்டான். இன்னொருவன் அதையே சிரித்துக்கொண்டு கேட்டான். மூன்றாவது ஆள் கேட்கும்போது, எதை மிதித்தோம் என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. பயத்தில் கால் விறைத்துப்போயிருக்கும். விறைத்த கால் பிரேக்கை எப்படி அழுத்தும்? சில நாட்களாகவே விடிகாலையில் பிரேக் கனமாகத்தான் இருந்தது. தூக்கமில்லாத உடம்பு, காலில் பலம் இல்லை என்று நினைத்திருந்தாள். அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தங்கவேல் சாவியை வாங்கிவிடுவான். அவன் ஓட்டினால் எங்கேயாவது மயங்கி, இரண்டு பேரும் போய்ச் சேரவேண்டியதுதான்.

கூட்டம் கலைவதற்குள் ஷிஃப்ட் நேரம் போய்விட்டது; அன்று ஆஸ்பத்திரிக்குப் போக முடியவில்லை. போன் செய்தாள். எதிர்ப்பக்கம் பேசிய சிஸ்டர், மெஷின் இன்றும் நாளையும் நிறைந்துவிட்டது என்றாள். "புதன்கிழமை மொத ஷிஃப்டுக்குக் கண்டிப்பா வந்துடுங்கம்மா. தண்ணி ரொம்பக் கொடுக்காதீங்க. நடுவுல மூச்சு வாங்கினா எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டு வந்துடுங்க."

செவ்வாய்க்கிழமை பகலில் காரைப் பொன்னேரிக்கு ஓட்டிக்கொண்டு போனாள். வெயிலில் அது ஒழுங்காக ஓடியது. கண்ணப்பன் பானெட்டுக்குள் தலையை விட்டு அரை மணி நேரம் பார்த்தான். அவள் ரேஸ் ஏறுவதைப் பற்றி மட்டும்தான் சொன்னாள். திங்கட்கிழமை நடந்ததைச் சொல்லவில்லை. "நீயே ஒழுங்கா மிதிக்கலையாம்மா" என்று அவனும் கேட்டுவிட்டால் அப்புறம் அந்த வண்டியில் ஏற அவளுக்குத் தைரியம் இருக்காது.

"வியாழக்கிழமை விடிகாலைல நானே உங்க ஊருக்கு வர்றேன்" என்றான் கண்ணப்பன். "அது கத்தும்போது பாத்தாத்தான் ஆவும்."

"நாளைக்குக் காலைல வர முடியுமாண்ணா?"

"நாளைக்கு ஒரு வண்டி டெலிவரி கீதும்மா. வியாழன் கண்டிப்பா."

அன்று ராத்திரி தங்கவேல் படுக்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தான். படுத்தால் நெஞ்சில் யாரோ ஏறி நிற்பதுபோல இருக்கிறது என்பதை அவன் அவளிடம் சொல்லவில்லை. முதுகு வலி என்றான். கால்கள் இரண்டும் பனங்கிழங்குக் கட்டுபோல வீங்கியிருந்தன. விரலால் அழுத்தினால் பள்ளம் அப்படியே நின்றது.

நாலரை மணிக்குக் கோயில் ஸ்பீக்கர் ஒலிக்கும்போது அவன் மூச்சு கொரகொரத்தது. ஜமுனா போனைக் கையில் எடுத்தாள். ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம். போன வருஷம் ஒருமுறை கூப்பிட்டார்கள். முதலில் பக்கத்து ஆஸ்பத்திரி, அங்கே சீட்டு எழுதி, பிறகு சென்னை என்று மெஷினில் படுக்கவைக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. இன்றைக்குச் சாயங்காலம் வரை அவன் தாங்கமாட்டான். அது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

பக்கத்து வீட்டு மணிகண்டனை எழுப்பினாள். கடலுக்குப் படகு ஓட்டுகிறவன்; காலையில் கிளம்பத் தயாராகத்தான் இருந்தான். இரண்டு பேரும் தங்கவேலைத் தாங்கி ரோட்டோரம் நின்ற காருக்குக் கொண்டுவந்தார்கள். அவன் இடதுபக்கக் கதவுக்குப் போகவில்லை. பானெட்டில் கையை ஊன்றி வலதுபக்கம் சுற்றி வந்தான்.

"நான் ஓட்றேன்."

"இன்னாய்யா பேசற? நிக்கவே முடியல."

"திங்கக்கெழம உனக்கு ஏதாச்சும் ஆயிருந்தா? போனா நான் போறேன். நீ இருக்கணும் ஜமுனா." ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கியது. "சாவியக் குடு."

அவள் கொடுக்கவில்லை. கையைப் பிடித்து இழுத்தாள். அவன் கதவைப் பிடித்துக்கொண்டான். பனியில் நின்று இரண்டு பேரும் சாவிக்காகப் பிடிவாதம் பிடித்தார்கள். கடைசியில் மணிகண்டன்தான், "குடுக்கா, ஒக்காந்து பாக்கட்டும், அவரால முடியாது, தானா எறங்கிடுவாரு" என்று அவள் காதில் சொன்னான்.

தங்கவேல் சீட்டில் சரிந்து உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். எஞ்சின் அலறியது. அக்கம்பக்கத்து நாய்கள் எழுந்து குரைத்தன. அவன் வீங்கின காலைத் தூக்கிப் பிரேக்கில் வைத்து அழுத்தினான். முகம் மாறியது. மறுபடியும் அழுத்தினான். பிறகு ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

"என் காலுல ஒண்ணுமே இல்ல ஜமுனா. பிரேக்கு கூட அமுக்க முடியல. கல்லாட்டம் கீது."

ஜமுனா குனிந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னா சொன்ன?"

"காலுல பெலம் இல்லமே. கல்ல மிதிக்கிற மாதிரி..."

"யோவ், எனக்கும் அப்படித்தான்யா கீது! காலைல மட்டும் அப்படித்தான் கீது! திங்கக்கெழமயும் கல்லு மாதிரிதான் இருந்துச்சு. என் காலு வெறைச்சிப்போச்சுனு நெனச்சேன்."

அவன் தலையைத் தூக்கிப் பார்த்தான். பதினாறு வருஷம் லோடு வண்டி ஓட்டின ஆள்; கோளாறு வண்டியில்தான் என்று உடனே புரிந்தது. "நீ ஏன் சொல்லல?" என்றான். அவள் ஏற்கெனவே போனை எடுத்துக் கண்ணப்பன் நம்பரை அழுத்திவிட்டாள்.

முதல் தடவை மணி அடித்து ஓய்ந்தது. இரண்டாவது தடவையும் எடுக்கவில்லை. மூன்றாவதில் தூக்கக் குரல் கேட்டது.

"யாருப்பா இது, விடியக்கூட இல்ல..."

"அண்ணா, ஜமுனாண்ணா. வண்டி கத்துது, கேளுங்க." போனை எஞ்சின் பக்கம் நீட்டினாள். மறுபடி காதில் வைத்தாள். "இதோட பிரேக்கும் கல்லாட்டம் கீதுண்ணா. ரேஸ் அடங்கினா பிரேக்கும் சரியாப்பூடுது. ரெண்டும் ஒண்ணாத்தான் வருது, ஒண்ணாத்தான் போவுது."

கண்ணப்பன் எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு தூக்கம் முழுசாகக் கலைந்த குரல் வந்தது. "பிரேக்கா? பிரேக் இறுகுதுனு நீ எனக்குச் சொல்லவே இல்லையேம்மா! பானெட்டத் தொற. சீக்கிரம்."

மணிகண்டன் பானெட்டைத் தூக்கி டார்ச் அடித்தான்.

"டிரைவருக்கு நேரா, உள்பக்கமா, பெருசா வட்டமா ஒரு கருப்பு டப்பா கீதா? பிரேக்குக்குப் பெலம் குடுக்கறது அதுதான். அதுலேருந்து எஞ்சினுக்குக் கட்டை வெரல் தடிமன்ல ஒரு ரப்பர் ஓஸ் போவும். எஞ்சின் அது வழியா டப்பாவுல இருக்கிற காத்த உறிஞ்சும். அந்த ஓஸ் எங்கயாச்சும் வாயத் தொறந்துகினு இருந்தா, எஞ்சினுக்கு வெளிக்காத்து போயி ரேஸ் ஏறும். டப்பாவுல உறிஞ்சறதுக்கு இழுவை இல்லாமப் பிரேக்கும் இறுகும். கைய வெச்சுத் தடவிப் பாரும்மா. ஃபேன் பக்கம் மட்டும் கைய கொண்டுபோவாத, பொடவைய நல்லா சொருவிக்க."

அவள் முந்தானையை இடுப்பில் இறுகச் செருகினாள். டார்ச் வெளிச்சத்தில் ஓஸின் மேல்புறம் முழுசாகத்தான் இருந்தது. கையை அடிப்பக்கம் விட்டாள். குளிரில் ரப்பர் காய்ந்த தோல்போல விறைத்துக் கிடந்தது. டப்பாவிலிருந்து விரல்களை நகர்த்திக்கொண்டே போனாள். எஞ்சினோடு அது சேரும் இடத்தில், கண்ணுக்குத் தெரியாத அடிப்புறத்தில், அவள் விரல்நுனியை ஏதோ உள்ளே இழுத்தது. எஞ்சின் சத்தத்துக்குள் சன்னமாக ஒரு சீறல்.

"இங்க இழுக்குதுண்ணா. வெடிச்சுக் கீது."

"கையால இறுக்கி மூடு."

உள்ளங்கையால் சுற்றிப் பிடித்து அழுத்தினாள். அலறிக்கொண்டிருந்த எஞ்சின் தடதடவென்று இறங்கி அடங்கியது. அந்த அமைதியில் உள்ளே தங்கவேலின் மூச்சுச் சத்தம் பெரிதாகக் கேட்டது. கையை எடுத்தாள், மறுபடி அலறியது. மூடினாள், அடங்கியது.

"அதாம்மா! அதேதான்!" கண்ணப்பன் போனில் கத்தினான். "குளிர்ல ரப்பர் சுருங்கி வெடிப்பு வாயத் தொறக்குது. எஞ்சின் சூடானா எளகி மூடிக்குது. எங்கிட்ட வரும்போதெல்லாம் மூடிகினு வந்துக்கீது. சரி, எஞ்சின ஆஃப் பண்ணு. வெடிச்ச நுனிய மட்டும் ஒரு வெரல் அகலம் அறுத்துட்டு, நல்ல ரப்பர எஞ்சின்ல துருத்திகினு கீற மூக்குல திரும்ப மாட்டு. நீளம் எட்டும். இறுக்கறதுக்கு கிளிப் வேணும்."

"படகு எஞ்சினுக்குப் போடற கிளிப்பு எங்கிட்ட கீது" என்று மணிகண்டன் வீட்டுக்கு ஓடினான்.

மீன் அறுக்கும் கத்தியால் ஜமுனா ஓஸை அறுத்தாள். ரப்பர் விறைத்துப்போயிருந்ததால் மூக்கில் ஏறவே இல்லை. வீட்டிலிருந்து சுடுதண்ணீர் கொண்டுவந்து நனைத்துத் திருகித் திருகி ஏற்றினார்கள். அதற்குள் பதினைந்து நிமிஷம் போய்விட்டது. தங்கவேலின் உதடு நீலம் பாரித்தது. மணிகண்டன் கிளிப்பை முறுக்கும்போது அவள் நின்ற இடத்திலிருந்தே, "சீக்கிரம்டா, சீக்கிரம்டா" என்று அழுதாள்.

தங்கவேலை இடதுபக்க சீட்டுக்கு மாற்றினார்கள். இப்போது அவன் சாவி கேட்கவில்லை. ஜமுனா ஸ்டார்ட் செய்தாள். எஞ்சின் கொஞ்சம் வேகமாகச் சுற்றியது. அவள் கை சாவிக்குப் போனது. "இருமே" என்று தங்கவேல் அவள் கைமேல் கை வைத்தான். "குளிருக்கு... இவ்ளோ ஏறும்." ஒரு நிமிஷத்தில் சத்தம் தானாகத் தணிந்தது. பிரேக்கை மிதித்தாள். மிதி மெத்தென்று இறங்கியது.

மணிகண்டன் பின் சீட்டில் ஏறிக்கொண்டான். அன்று அவன் கடலுக்குப் போகவில்லை. பொன்னேரி தாண்டும்வரை பனி. மீஞ்சூர் கேட்டில் கூட்ஸ் வண்டி ஒன்று முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. தங்கவேல் கண்ணாடியை இறக்கி வாயைத் திறந்து காற்றைத் தேடினான். இடைக்கிடை தலை தொங்கியது. "மாமா, முழிச்சுகினே இரு, எங்கயாவது பாத்துகினே இரு" என்று மணிகண்டன் பின்னாலிருந்து அவன் தோளைக் குலுக்கிக்கொண்டே வந்தான். ஜமுனா பக்கத்தில் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் ஓட்ட முடியாது என்று ரோட்டையே பார்த்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போது மணி எட்டேகால். ஷிஃப்ட் தொடங்கி ஒன்றேகால் மணி நேரம் ஆகியிருந்தது. அவனைப் பார்த்த சிஸ்டர் நேரத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. ஸ்ட்ரெச்சரை வரவழைத்து எமர்ஜென்சிக்குத் தள்ளச் சொன்னாள். ஆக்சிஜன் வைத்தார்கள். ஒன்பதேமுக்காலுக்கு ஓரத்தில் ஒரு மெஷின் ஒழிந்தது.

"இன்னும் ஒரு மணி நேரம் கழிச்சு வந்திருந்தா எங்களாலயும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது" என்றார் டாக்டர். கோபமில்லாமல்தான் சொன்னார். ஜமுனா தலையாட்டினாள். அவர் போன பிறகும் ஆட்டிக்கொண்டே நின்றாள்.

நாலு லிட்டருக்கு மேல் தண்ணீர் எடுத்தார்கள். மத்தியானம் தங்கவேல் கண் திறந்து ஐஸ் கட்டி கேட்டான். தண்ணீர் குடிக்கக் கூடாது. ஒரு துண்டு ஐஸைச் சப்பிக்கொள்ளலாம். அவள் அவன் வாயில் வைத்தாள்.

மறுநாள் சாயங்காலம்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். மணிகண்டன் முந்தின நாளே பஸ்ஸில் ஊர் திரும்பியிருந்தான். வழியில் பொன்னேரியில் கண்ணப்பன் புது ஓஸோடு ரோட்டிலேயே நின்றிருந்தான். பத்து நிமிஷத்தில் மாட்டி முடித்தான். கழற்றிய பழைய ஓஸை வளைத்துக் காட்டினான். இன்னும் இரண்டு இடத்தில் முடி முடியாக வெடிப்பு ஓடியிருந்தது.

"பிரேக்க பத்தி நான் கேட்டிருக்கணும்மா" என்றான். "ரேஸ் ரேஸ்னு நீ சொன்னதையே புடிச்சுகினு இருந்துட்டேன்."

"நானும் சொல்லலையேண்ணா."

கிளம்பலாம் என்று சீட்டில் உட்கார்ந்தபோதுதான் அவளுக்குக் கால்கள் ஆட ஆரம்பித்தன. கிளட்சில் வைத்த கால் நிற்கவில்லை. கண்ணப்பன் எதிர்க்கடையிலிருந்து டீ வாங்கிவந்து ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டு, வேறொரு வண்டியின் டயரைப் பார்ப்பதுபோல அந்தப் பக்கம் போய்விட்டான். டீ ஆறும்வரை கையில் வைத்திருந்துவிட்டு, பிறகு குடித்தாள்.

அன்று ராத்திரி இரண்டு பேரும் தூங்கினார்கள். மறுநாள் வெள்ளிக்கிழமை, விடிகாலை நாலேமுக்காலுக்கு மறுபடியும் டயாலிசிஸுக்குக் கிளம்ப வேண்டியிருந்தது.